நூறு சதவீதப் பொருத்தம்

மதங்களைக் கடந்த ரத்த பந்தத்துக்கு மானுட வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரகடம் சான்று பகர்ந்துவிட்டதாக ஹெச்.ஆர். மேலாளர் சங்கரநாராயணன் கேன்டீனில் மைக் பிடித்து அறிவித்தார். சான்றுகளில் ஒருவனான ஜெபகுமாரின் வாயில் அப்போது பாதி வடை. இன்னொருவனான பேச்சிராஜ் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

சென்ற ஆண்டு கம்பெனியில் ஸ்டெம் செல் கொடையாளர் பதிவு முகாம் நடந்தது. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கொடுத்தால் போதும். யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். இப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரத்தப் புற்றுநோய். நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியதில் பொருந்தியவர்கள் இரண்டே பேர். இருவரும் ஒரே கம்பெனி, ஒரே லைன், சேரப்பணஞ்சேரியில் ஒரே வாடகை அறை. ஒருவன் முருகன் காலண்டருக்குக் கீழே தூங்குகிறவன், மற்றவன் இயேசு காலண்டருக்குக் கீழே. சங்கரநாராயணன் அன்றைக்கே ஃபிளக்ஸ் அடித்துவிட்டார்.

சூப்பர்வைசர் டில்லிபாபு மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாபா இது? நீ கம்பம் மாதிரி கீற, அவன் ட்ரம் மாதிரி கீறான். ரத்தம் மட்டும் ட்வின்ஸா?"

இருவரும் அறைக்கு வந்ததும் ஜெபகுமார் கதவைச் சாத்தினான். "ஏலே, முகாம் அன்னைக்கு நான் தூங்கிட்டுல்லா கெடந்தேன்?"

"குச்சி குடுத்தா டிபன் பாக்ஸ் தாராவன்னு சொன்னாவ," என்றான் பேச்சிராஜ். " ஒனக்கும் ஒண்ணு வாங்குவோம்னு ரெண்டாவது தடவையும் வரிசையில நின்னேன். மூஞ்சில மாஸ்க், கையில ஒன் கார்டு. ஷிஃப்டுக்கு ஒன் கார்டுல பஞ்ச் அடிச்சு விடுதேம்லா, அதே மாதிரிதான்."

"அப்ப என் பேர்ல இருக்கது ஒன் எச்சியா?"

பேச்சிராஜ் தலையாட்டினான்.

சிரித்திருக்கலாம். ஆனால் வயதில் இளையவன் என்று டாக்டர்கள் ஜெபகுமாரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாளைக் காலை அவன் ரத்தம் சோதனைக்குப் போகும். பொருந்தாது என்று தெரிய ஒரு வாரம் ஆகும். அந்தக் குழந்தையிடம் வீணடிக்க ஒரு வாரம் இல்லை என்று பதிவு மையத்தின் ஷெர்லின் போனில் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னாலோ ஆள்மாறாட்டம்; இருவர் வேலையும் போகும்.

"வேற வேலை மறைமலை நகர்ல கெடைக்கும்லே," என்றான் ஜெபகுமார். "அந்தப் புள்ளைக்கு நீ அங்க கெடைக்க மாட்ட. போனப் போடு."

ஷெர்லின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "பேச்சிராஜ் அண்ணா, காலைல நீங்களே வந்துடுங்க. சாப்பிட்டுட்டு வாங்க. ரெண்டு டிபன் பாக்ஸ்லயும்."

இருவரும் போய்ச் சொன்னபோது சங்கரநாராயணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதிசயம் என்று எம்.டி.க்கு மெயில் போயாகிவிட்டது. ஆள்மாறாட்டம் என்றால் முகாமை நடத்தியது யார் என்ற கேள்வி வரும். ஃபிளக்ஸை நெடுநேரம் பார்த்தார். "பேச்சிராஜ் குடுக்கட்டும், ஜெபகுமார் ரிசர்வ்," என்றார். "கம்பெனியில இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

சோதனையில் பேச்சிராஜ் அச்சு அசலாகப் பொருந்தினான். எலும்பைத் துளைப்பார்கள் என்று பயந்திருந்தவனுக்கு ஸ்டெம் செல்களைப் பெருக்க ஐந்து நாள் ஊசி மட்டும் போட்டார்கள். மூன்று ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்த மாதிரி இடுப்பு வலித்தது. ஆறாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், ஸ்டெம் செல்களை விட்டுவிட்டு மறு கை வழியே திரும்பி வந்தது. பை மெல்லச் சிவந்து நிறைவதைப் பார்த்து ஜெபகுமார் தானே பெற்றவன் போல் பூரித்தான்.

மூன்றாவது மணி நேரத்தில் சங்கரநாராயணன் வீடியோக்காரரோடு வந்து, கட்டிலருகே நின்று தியாகம் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சிராஜுக்கு ஒன்றுக்கு வந்தது. இரண்டு கையிலும் ஊசி இருந்ததால் பாத்திரத்தை ஜெபகுமார் பிடித்துக்கொண்டான்.