மூன்றாவது பாடம்: மணம்

கோவில் பக்கத்து அறையின் சாவியைத் தருவதற்குப் பங்குத்தந்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒன்பது பேர் கூடிக் குடிக்க அவரிடம் அறை இல்லை. ஒன்பது பேர் கூடிப் படிக்க இருக்கிறது. ஆகவே வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் கழகம் என்னென்ன படிக்கப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். இத்தாலியப் பாதிரியார் லேசுப்பட்ட ஆளில்லை.

எழுதுகிற வேலை அருளையாவின் தலையில் விழுந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ தெருவில் ஏழு கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிற மனிதர், வயது நாற்பத்தாறு. 1994இல் முளைவிட்ட பார்லியின் மோல்ற் பாகு டின் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து, கறி காய்ச்சும் பானையில் பியர் காய்ச்சிக் காட்டியவர் அவர்தான். போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்தாரென்றால், புளிக்கவைத்த அறை எவ்வளவு சூடாக இருந்தது என்பதுவரை சொல்லிவிடுவார். அதனால் கழகத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்ரர். பலெர்மோவில் வேறு எவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த மூக்கு மூன்று மாதத்துக்கு முன், மார்கழியில், வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. கால்சா பகுதியில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவு செய்யும் மனைவி விமலராணிக்குக்கூடச் சொல்லவில்லை.

தாளில் மூன்று பாடம் எழுதினார். ஒன்று, மோல்ற்றும் அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ற்றும். இரண்டு, போத்தல் கழுவுவது. மூன்று, கெட்ட பியரை மணத்தால் கண்டுபிடிப்பது. மூன்றாவது பாடம் வருவதற்குள் ஏதாவது நடந்து கழகமே கலைந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. ஆனால் தாளை வாசித்துக் காட்டியதும் மாக்கிரட் இரண்டாவது பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு ஹொட்டலில் குளியலறைகள் கழுவுகிறவள்.

"பலெர்மோ முழுக்கக் கழுவுற எங்களுக்குப் போத்தல் கழுவப் படிப்பிக்கப் போறியளோ, அண்ணை?"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது பாடம் அங்கேயே வெட்டுப்பட்டது. மொரீசியசைச் சேர்ந்த தியோ, போன முறை காய்ச்சிய நாற்பது போத்தலும் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது, முதலில் அது ஏனென்று பார்ப்போம் என்று இத்தாலிய மொழியில் சொன்னான். மூன்றாவது பாடம் முதலாவதாயிற்று. வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும்.

அந்த ஒரு கிழமை அருளையா இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். உள்ளிப் பல்லை நசித்து மூக்கில் வைத்தார். எலுமிச்சம் தோலைக் கிள்ளினார். ஒரேத்தோ மூலையில் கோப்பி வறுக்கும் கடை வாசலில் காலையும் மாலையும் போய் நின்றார். வேலை தேடி வந்தாயா என்று கடைக்காரன் கேட்டான். ஒன்றும் மணக்கவில்லை. சந்தையில் மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு, "நல்ல மணம், இண்டைக்குப் பிடிச்சது," என்று விமலராணியிடம் சொல்வார். கண்ணை வைத்து மூக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மாஸ்ரர் போய்விட்டால் மிஞ்சுவது ஏழு படிக்கட்டு மட்டும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். நான்கு பிளாஸ்ரிக் கோப்பைகளின் அடியில், விரலால் தடவினால் தெரியும்படி, கத்தியால் கீறினார். ஒரு கீறல் நல்ல பியர், இரண்டு கீறல் வினாகிரிப் புளிப்புக் கலந்தது, மூன்று கீறல் வாழைப்பழ மணம் ஏறியது, நான்கு கீறல் அந்த ஆஸ்பத்திரிப் பியர். ஞாயிறு காலை ஊற்றி மூடிவைத்துவிட்டுப் பூசைக்குப் போனார். பூசையில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது மேசையில் நான்கு கண்ணாடிக் கிளாஸ்கள் மினுங்கின. மாஸ்ரருடைய பாடத்துக்குப் பிளாஸ்ரிக்கா என்று, நல்ல மனதோடு தியோ எல்லாவற்றையும் மாற்றி ஊற்றியிருந்தான்.

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருளையா முதல் கிளாஸை எடுத்து மூக்கருகே பிடித்தார். வெறுங்காற்று. நிறத்தைப் பார்த்தார், எல்லாம் ஒரே நிறம்.

"இது குற்றமில்லாத பியர்," என்றார். "இந்த மணத்தை மனசில வச்சிருங்கோ."

கிளாஸ் கைமாறியது. தியோவின் தலை பின்னால் போனது. ஹொட்டல் சாப்பாட்டறையில் வேலை செய்யும் ஜெனிஸ்டன் மணந்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். மாஸ்ரரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள்.

"என்ன ஆளையாள் பாக்கிறியள்?" பின்வரிசையிலிருந்து விமலராணியின் குரல் வந்தது. "அவர் வேணுமெண்டு பிழையாச் சொல்லுறார். பிழை எண்டு சொல்லத் துணிஞ்ச ஆள் இருக்கோ எண்டு பாக்கிறார்."

அறை மூச்சு விட்டது. ஜெனிஸ்டன் துணிந்துவிட்டான்.

"வரெக்கீனா," என்றான். குளியலறை வெளுக்கிற மருந்து. "ஆஸ்பத்திரி மணம் இதுதான். ஆர் அண்டைக்குப் போத்தல் கழுவினது?"

எல்லோரும் மாக்கிரட்டைப் பார்த்தார்கள்.

"நான்தான். ஒரு மூடி விட்டன், மணக்கேல்லை. பழைய சாமானாக்கும் எண்டு இன்னும் ரெண்டு மூடி விட்டன். அதுக்கும் மணக்கேல்லை."

"வரெக்கீனா மணக்கேல்லையோ? அக்கா மூக்கை வீட்டில விட்டிட்டு வந்திட்டா," என்றான் ஜெனிஸ்டன். அறை அதிர்ந்தது. மாக்கிரட்டும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே கிளாஸை வாங்கி மணந்தாள். பிறகு இன்னொருமுறை, ஆழமாக.

அந்த இரண்டாவது முறையை அருளையாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் தப்பிவிட்டார், பேசாமல் அடுத்த கிளாஸுக்குப் போயிருக்கலாம். நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

"சிரிக்காதேங்கோ. எனக்கும் மணக்கேல்லை. மார்கழி துடக்கம் எனக்கு ஒண்டுமே மணக்கிறதில்லை. நான் உங்களைச் சோதிக்கேல்லை, அறியாமத்தான் சொன்னனான்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஹொட்டலில் வரெக்கீனாவோடு அசிட்டும் கலக்கிறாயா, அது நச்சுப்புகை அல்லவா என்று தியோ மாக்கிரட்டைக் கேட்டான்.

"ஓம். கறை போகாட்டி ஏசுவினம்."

"கதவைத் திறந்து வச்சோ?" என்று கேட்டார் அருளையா.

"மணம் வெளியில போகக்கூடாதெண்டு சாத்தச் சொல்லுவினம்," என்றாள் மாக்கிரட். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கியது போலிருந்தது.

அருளையா தாளை எடுத்து, வெட்டிய இரண்டாவது பாடத்தைத் திரும்ப எழுதினார்: கழுவுவது. பக்கத்தில், போத்தலுக்கு எவ்வளவு வரெக்கீனா, கழுவுகிறவருக்கு எவ்வளவு காற்று என்று சேர்த்தார். மாஸ்ரர், அதை எப்ப வைப்பம் என்று ஜெனிஸ்டன் மெல்லக் கேட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது அருளையா மனைவியிடம் கேட்டார். "எனக்கு மணக்கிறேல்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மார்கழியில பால் எரிஞ்சுதெல்லே. நீங்கள் பக்கத்தில இருந்து பேப்பர் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். நான் புகையைக் கண்டுதான் ஓடி வந்தனான்." பிறகு ஆறுதலாகச் சொன்னாள். "பயப்பிடாதேங்கோ. படுக்க முதல் காஸ் மணக்குதோ எண்டு நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

மூன்று மாதப் பாரம் இறங்கியது போல அவருக்கு இருந்தது. ஒரேத்தோ மூலை வந்தது.

"இப்ப இஞ்சை என்ன மணக்குது, சொல்லும் பாப்பம்."

விமலராணி மூச்சை இழுத்தாள். "கோப்பி வறுக்கிறாங்கள். நல்ல மணம்."

அருளையா கடையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. இரும்புக் கதவு இறக்கிப் பூட்டுப் போட்டிருந்தது. அவள் தெருவை நேராகப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாள். சந்தையில் மீனுக்கு முன்னால் நின்று நல்ல மணம் என்று அவர் சொல்வதும் இப்படித்தான்.

"ஓம்," என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போய், காஸ் திருகைக் கையால் இறுக்கிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். அவர் வெளியே வந்ததும் விமலராணி உள்ளே போய் இன்னொருமுறை இறுக்கினாள்.