பினாயில் வாடை

சம்பந்தி வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள் என்று நாளைக்கு ஒருத்தி சொல்லிவிடக்கூடாது. அதற்காகத்தான் ஆட்டிறைச்சி வாங்கிவரச் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு எல்லோரும் என்னைத்தான் பார்ப்பது போல எனக்கு இருந்தது.

பேச்சியம்மா என் மருமகள் சந்திரிகாவின் தாய். புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். நாங்கள் கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்டப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். என் மகன் நடராஜா சந்திரிகாவை விரும்பிக் கட்டியபோது நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்கும். என் முகம் எனக்கே கட்டுப்படாது.

அன்று பின்னேரம் கையில் ஒரு பையோடு வந்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில கண்ணு காட்டணும் சம்பந்தி. வெள்ளனப் போகணும். அதான் ஒரு ராத்திரி இங்க தங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். தாயும் மகளும் சேர்ந்து எனக்குக் காது குத்துகிறார்கள் என்று நான் எப்படிக் கண்டேன்?

வந்து கொஞ்ச நேரத்தில் அறை மூலையில் இருந்துகொண்டு பெரிய போத்தலில் எதையோ கரைத்துக் குடித்தாள். தோட்டத்துக் கைமருந்தாக்கும் என்று நினைத்தேன். பிறகு கக்கூஸுக்குப் போனாள். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றுதான், அதுவும் சமைக்கிற குசினிச் சுவரோடு ஒட்டியது. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அவள் வெளியே வந்ததும் நான் உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் அடித்து, பினாயில் ஊற்றித் தேய்த்துவிட்டு வந்தேன். யார் வந்துபோனாலும் அப்படித்தான். என் கூடப் பிறந்த தம்பி வந்தாலும் அப்படித்தான். கை தானாகப் போகும்.

இருட்டியதும் சாப்பாடு போட்டேன்.

"எனக்குப் பசியில்ல சம்பந்தி. ஒரு பிளேன்டீ போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் வந்ததிலிருந்து நான் அடுப்படியில் வெந்தது இவளுடைய பிளேன்டீக்காகவா?

"ஏன், எங்க வீட்டுச் சோறு தொண்டையில எறங்காதோ?"

என் வீட்டுக்காரரும் மகனும் மேசையில் இருந்தார்கள். அவள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். சம்பந்தி வேண்டாம் என்றால் அது வேண்டாம் இல்லை, இன்னொரு தடவை கேள் என்றுதான் அர்த்தம். எங்கள் ஆட்களிடம் அதுதான் பழக்கம். கேட்காமல் விட்டால் அது மரியாதைக் குறைச்சல். ஆகவே கேட்டேன். கேட்டுக் கேட்டுப் போட்டேன். அவள் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். சந்திரிகா மட்டும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழும்பிப் போனாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். கறி உறைப்பு என்று நினைத்தேன்.

காலையில் நானும் கூடப் போனேன். எனக்குப் பிரஷர் மருந்து எடுக்கிற நாள். மருந்தை வாங்கிக்கொண்டு கண் கிளினிக்கில் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் இல்லை. தேடித் தேடி மாடிக்கு ஏறினேன். அங்கே ஒரு கதவுக்கு முன்னால் போட்டிருந்த நீள வாங்கில் சந்திரிகா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போயிற்று.

நான் வாய் திறக்க முன்னமே கதவு திறந்தது. பேச்சியம்மா சேலையைச் சரி செய்துகொண்டு வந்தாள். பின்னாலேயே றமீலா என்ற முஸ்லிம் நர்ஸ்.

"நேத்து என்ன தின்டீங்க? இறைச்சி தின்டா எப்படி உள்ளுக்குக் கமரா உட்டுப் பார்க்கிற? அந்த மருந்தக் குடிச்சு வயித்தக் கழுவிட்டு வரச் சொன்னதுதானே. பாதியும் குடிக்கல்ல. யாரு உங்களுக்கு இறைச்சி தந்த?"

வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பேச்சியம்மா என்னைக் கண்டுவிட்டாள்.

"யாரும் தரல மிஸ்ஸி. நானாத்தான் ஆசைப்பட்டுச் சாப்பிட்டேன்."

நான்தான் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையே கிழிக்கிற இந்த வாய்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார், றமீலா தமிழில் சொன்னாள். குடலின் கீழ்ப் பக்கம் ஒரு கட்டி. கெட்ட கட்டி என்று முன்னமே தெரிந்துவிட்டது. மேலே இன்னும் இருக்கிறதா என்று கமராவில் பார்க்க வேண்டும். நெறிக்கட்டுக்கோ ஈரலுக்கோ போயிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவள் என்று இரண்டையும் ஒரே நாளில் வைத்திருந்தார்கள். கமரா தள்ளிப்போனதால் ஸ்கேனும் தள்ளிப்போயிற்று.

"எது வரைக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் வெட்டி எடுக்கிறதா, மருந்து குடுக்கிறதா, எவ்வளவு காலம்னு சொல்ல ஏலும்," என்றாள் றமீலா. அடுத்த திகதி வாரக்கணக்கில் தள்ளி, கண்டிப் பெரஹராத் திருவிழா முடிந்த பிறகுதான் கிடைத்தது.

பேச்சியம்மா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், "வாரேன் சம்பந்தி" என்று புசல்லாவை பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரிகாவைப் பிடித்தேன்.

"கண்ணுன்னு எதுக்குடி பொய் சொன்னீங்க? நான் என்ன ராட்சசியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கறிய நான் போடுவேனா?"

எதிர்த்துப் பேசாத பிள்ளை அவள். அன்றைக்குப் பேசினாள்.

"அம்மாவுக்கு வெக்கம் மாமி. அந்த மருந்தக் குடிச்சா விடிய விடியப் போகணும். சம்பந்தி வீட்டுல எப்படிடீன்னு கேட்டாங்க. நாந்தான் பரவாயில்ல, வாங்கன்னு கூட்டியாந்தேன். மொதத் தடவ போயிட்டு வந்தாங்க. வந்த ஒடனே நீங்க வாளியும் பினாயிலுமா உள்ள போனீங்க. அம்மா அறையில இருந்து அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மிச்ச மருந்த ஜன்னலால ஊத்திட்டாங்க."

அது எல்லோருக்கும் செய்கிறதுதானே என்று சொல்ல வந்தேன். யாரிடம் சொல்ல? என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அன்றைக்குக் குசினிக்குப் போனாலே அந்த வாடை மூக்கில் ஏறியது.

திகதி கிட்ட வந்தது. இந்த முறை தோட்டத்திலிருந்தே நேராக வருகிறேன் என்று பேச்சியம்மா சொல்லியனுப்பினாள். வயிற்றைக் கழுவுகிற மருந்தைக் குடித்துவிட்டு அந்த வளைவு வளைவான ரோட்டில் பஸ்ஸில் வருகிறாளாம். வராமலே விட்டுவிடுவாள் என்று எனக்கு விளங்கியது. நானே புறப்பட்டேன். கல்யாணம் பேசக்கூட நான் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனதில்லை, அவர்களைத்தான் இறங்கி வரச் சொன்னேன்.

அவள் என்னைக் கண்டு பதறிப்போய்க் கதிரையைத் துடைத்தாள். நான் உட்காரவில்லை.

"சம்பந்தி, கறி போட்டது நானு. பினாயில் ஊத்துனதும் நானு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில வாயத் தொறக்காம நின்னதும் நாந்தான். என்னை ஏசுங்க. ஏசிட்டு என்கூட வாங்க."

"ஐயோ, என்ன பேச்சு சம்பந்தி இது," என்று அவள்தான் கூனிக் குறுகினாள். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். பிளேன்டீ போட்டுத் தந்தாள். பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆம்பிளைகள் இரண்டு பேரையும் கடையிலேயே படுக்கச் சொன்னேன். என் பினாயில் போத்தலையும் அவர்களோடு கடைக்கே அனுப்பிவிட்டேன். குசினிப் பக்கம் போகாமல் முன்னறையில் இருந்து, டிவியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டேன். அவள் மருந்து முழுவதையும் குடித்து முடித்தாள். காலையில் றமீலா, "இப்ப சரி உம்மா," என்றபோது நான் பாஸாகிவிட்டது போல ஒரு சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

ரிப்போட் சொல்லுகிற நாளில் மூன்று பேரும் போனோம். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பேனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஈரலில் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக இருந்தது.

"முழுசா எடுக்க ஏலாது. மருந்து ஏத்தலாம். மருந்துக்குக் கேட்டா வருஷம் ரெண்டு வருஷம் தள்ளலாம். அதுக்கு மேல சொல்ல ஏலாதாம்," என்றாள் றமீலா. சந்திரிகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கே பார்த்திருந்தா இது இருந்திருக்காதான்னு கேளுங்க."

றமீலா டொக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

"அன்டைக்கே இருந்திருக்கவும் ஏலும். பொறகு வந்திருக்கவும் ஏலும். அது யாருக்கும் தெரியாதாம்."

"நீங்க ஏன் சம்பந்தி அதெல்லாம் கேக்குறீங்க," என்றாள் பேச்சியம்மா. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொல்லுகிறது.

இப்போது மருந்து ஏற்றுகிற நாட்களில் எங்கள் வீட்டில்தான் தங்குகிறாள். முதல் தடவை ஏற்றிக்கொண்டு வந்த அன்று, நடக்கவே தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கக்கூஸுக்குப் போனாள். நான் குசினியில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளே வாளித் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வாடை வந்தது. என் போத்தல் கடையில் இருக்கிறது. அவள் தன் பையில் ஒன்று வாங்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.

கதவடியில் போய் நின்றேன். "விடுங்க சம்பந்தி, நான் பார்த்துக்கிறேன்."

பிரஷ் சத்தம் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளேயிருந்து கேட்டாள்.

"இன்னும் வாடை வருதா சம்பந்தி?"