ஐந்நூறாவது குதிரைக்குட்டி

காலை ஏழே முக்காலுக்கு அருணன் தன் கைப்பேசியை மகதலேனாவின் பக்கம் நீட்டினான். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அவனுடைய வலது கையில் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. அந்தக் கையை நான்கு மணி நேரத்துக்கு அசைக்க முடியாது. இடது கையில் இரண்டு முறை குழாய் அடைத்துக்கொண்டதால் மருத்துவர்கள் வலது கைக்கு மாறியிருந்தார்கள். வலது கைப் பழக்கக்காரன் அவன். மகதலேனாவுக்கு ஊசி இடது கையில். அவளுடைய வலது கை சும்மா இருந்தது. அதனால் ஏழு மாதங்களாக அவனுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள்தான்.

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்த அந்த டயாலிசிஸ் நிலையத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். செவ்வாய், வியாழன், சனி காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பண்ணை கேமைத்தான் விளையாடினார்கள். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. கத்தரிக்காய் நட்டு, கோழி வளர்த்து, பக்கத்துப் பண்ணைக்குப் போய் தண்ணீர் ஊற்றி வரும் விளையாட்டு. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதவர்கள், பிறருடைய செடிகளுக்கு வாளி வாளியாக ஊற்றினார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கேம்காரர்கள் இலவசக் கோட் விடுவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கம். அதை உரிய கட்டத்தில் போட்டால் விதை, உரம், சில நேரம் ஒரு வாத்து. கோட் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் அதை அறை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். கனகலிங்கம் அங்கிள் சொல்லும்போது ஊர்ப் பெயர்களோடு சொல்வார். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் டெலிபோனில் பேசிய பழக்கம். "பி ஃபார் பந்திங், கே ஃபார் காஜாங், ஆர் ஃபார் ரவாங். எழுதிட்டீங்களா எல்லாரும்? திருப்பிச் சொல்ல மாட்டேன், எனக்கு மூச்சு வாங்குது."

அந்த வியாழக்கிழமை அருணன் குரலைத் தாழ்த்தி, பத்து இலக்கத்தையும் மகதலேனாவுக்கு மட்டும் சொன்னான்.

"ஆன்டி, இத சத்தமா சொல்லாதீங்க லா. ஐந்நூறு பேருக்குத்தான். இந்தோனேசியாக்காரங்க லைவ்ல சொன்னாங்க. எட்டு மணிக்குத் தொறக்கும்."

"என்ன தம்பி குடுக்கறாங்க?"

"நீலக் குதிரைக்குட்டி. கடையில வராது, கோட்லதான். நாயித்துக்கெழம தாராவுக்குப் பொறந்தநாளு. அத மட்டுந்தான் கேட்டுச்சு."

அவன் மகள் தாரா ரவாங்கில் தன் அம்மாவோடு இருந்தாள். ஒன்பது வயது முடியப் போகிறது. அருணன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில் மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்து வந்தான். நோய் வந்த பிறகு ரயில் ஏறிப் போய் வர உடம்பு கேட்கவில்லை. அவன் அழைத்தால் அந்த வீட்டில் போனை எடுப்பதும் குறைந்துவிட்டது. ஆனால் கேமில் தாரா அவனுடைய பக்கத்துப் பண்ணைக்காரி. தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை எட்டிப் பார்த்து, அவனுடைய தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். அப்பனும் மகளும் சந்திக்கும் ஒரே இடம் அதுதான் என்பது மகதலேனாவுக்குத் தெரியும். அவளும் அவர்களுக்குப் பக்கத்துப் பண்ணைதான்.

"மொதல்ல என்னோடத போட்டுருங்க. போட்டதும் யாருக்குன்னு கேக்கும், கிஃப்ட் பட்டன அமுக்கிட்டு தாரா பேர தட்டுங்க. அப்புறம் உங்களுக்கும் போட்டுக்குங்க ஆன்டி. ரெண்டு பேருக்கும் கெடச்சிரும்."

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவனுக்கு வியர்த்தது. முகம் வெளுத்தது. மகதலேனாதான் முதலில் பார்த்து, "மிஸ்ஸி! ஷெர்லி மிஸ்ஸி! இந்தத் தம்பியப் பாருங்க" என்று கூப்பிட்டாள். தாதி ஷெர்லி ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்து, கால்களை உயர்த்தி, இரத்த அழுத்தம் பார்த்தாள். "பிரஷர் ரொம்ப எறங்கிடுச்சு. கண்ண மூடிக்குங்க அண்ணே. ஒண்ணும் இல்ல, சரியாயிரும்." கண்ணை மூடும் முன் அருணன் மகதலேனாவின் மடியைப் பார்த்தான். அங்கே இரண்டு கைப்பேசிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

எட்டு அடித்தது.

அடுத்து நடந்ததை மகதலேனா பிறகு பல முறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அவனுடைய கைப்பேசி பூட்டியிருந்தது, எண் போட்டுத் திறக்க வேண்டியிருந்தது என்று. தன்னுடையது ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் திறந்திருந்தது என்று. ஐந்நூறு பேர் என்றால் எவ்வளவு பேர், பத்து வினாடியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று. எல்லாம் உண்மைதான். அவனுடைய எண் அவளுக்கு மனப்பாடம் என்பதும் உண்மை. ஏழு மாதங்களில் ஒரு நாளும் அவள் தன்னுடையதை முதலில் போட்டதில்லை என்பதும் உண்மை. அறுபத்தோரு வயது வரை எந்தப் பந்தியிலும் கடைசியில் உட்கார்ந்தவள், கோழிக் குழம்பில் கழுத்தும் முதுகும் தனக்கு என்று எடுத்துக்கொண்டவள், இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவள். அன்று நீலக் குதிரைக்குட்டியின் படத்தைப் பார்த்தபோது, எனக்கு வேண்டும் என்று ஒரு குரல் அவளுக்குள் கேட்டது. அவ்வளவு தெளிவாக அவள் அந்தக் குரலை முன்பு கேட்டதில்லை. அது ஒரு பிள்ளையின் குரல் போல இருந்தது. அதைப் பாவம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. விரல் பத்து இலக்கத்தையும் தன் கைப்பேசியில் தட்டியது. திரையில் பூக்கள் விழுந்தன. பரிசு யாருக்கு என்று கேட்டதற்கு, எனக்கு என்பதை அமுக்கினாள்.

பிறகு அவசரமாக அவனுடையதைத் திறந்து அதே பத்து இலக்கத்தைத் தட்டினாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. கோட் முடிந்துவிட்டது. மறுபடியும் தட்டினாள். முடிந்துவிட்டது.

இருபது நிமிடம் கழித்து அருணன் கண் திறந்தான். "ஆன்டி, போட்டுட்டீங்களா?"

"முடிஞ்சிருச்சு தம்பி. நெறைய பேரு போட்டுட்டாங்க போல."

அவன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னான். "பரவால்ல ஆன்டி. அந்த நேரத்துல மிஸ்ஸிய வேற நீங்கதான் கூப்பிட்டீங்க. நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

பண்டமாரானில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கையில் கட்டுப்போட்ட இடத்தை அமுக்கிக்கொண்டே அவள் பண்ணையைத் திறந்தாள். குதிரைக்குட்டி வாசல் கேட்டருகே நின்றது. கழுத்தில் ஒரு மணி. மணியில் பொறித்திருந்தது: 500. மகதலேனா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இல்லை. ஐந்நூறு. கடைசி ஒன்று. அவனுடையதை முதலில் போட்டிருந்தால் இந்த எண் இப்போது தாராவின் பண்ணையில் நின்றிருக்கும்.

குட்டியைத் தாராவுக்கு அனுப்பப் பார்த்தாள். பெற்ற பரிசை மாற்ற இயலாது என்றது. விற்கப் பார்த்தாள், முடியாது என்றது. பிடித்து இழுத்துக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டாள். விரலை எடுத்ததும் அது துள்ளிக்கொண்டு கேட்டுக்கே திரும்பி வந்தது. வருகிறவர்களை வரவேற்கவென்றே செய்த பிராணி. இரவு ஜெபமாலை முடித்த பிறகு வருகையாளர் பட்டியலைப் பார்த்தாள். அருணன் வந்து போயிருந்தான். தண்ணீர் ஊற்றவில்லை. அவனுக்குக் கீழே தாரா. அவள் ஊற்றியிருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, பக்கத்தில் நான்கு இதயம் போட்டிருந்தாள். ஆன்டி குதிரை ரொம்ப அழகு, எங்கப்பாவும் எனக்கு ஒண்ணு தரப் போறாரு.

சனிக்கிழமை சொல்ல வேண்டியதை அவள் பேருந்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். ஊசி குத்தி முடியும் வரை பொறுத்திருந்தாள். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து கனகலிங்கம் தொடங்கிவிட்டார்.

"மகதலேனா! கேட்டுல நீலக் குதிர நிக்குது! எங்க யாருக்கும் மூச்சு விடாம அமுக்கிட்டீங்க பாத்தீங்களா? கோயிலுக்குப் போற ஆளே இப்படின்னா நாங்கல்லாம் என்ன செய்றது?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"நான்தான் அங்கிள் சத்தமா சொல்லாதீங்கன்னு சொன்னேன்" என்றான் அருணன். "ஆன்டி மேல தப்பு இல்ல."

"அப்படியா? சரி சரி. நீயும் கூட்டா? ஒனக்குக் குதிர எங்கடா?"

"எனக்குக் கெடைக்கல அங்கிள்."

சிரிப்பு அடங்கியது. மகதலேனா அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அன்னிக்கு நான்..."

"மணியில நம்பர் போட்டிருக்கே ஆன்டி."

அவ்வளவுதான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்று அவன் கைப்பேசியை நீட்டவில்லை. அது அவன் வயிற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். தூங்கிவிட்டான் என்று அவள் நினைத்தபோது, கண் திறக்காமலே சொன்னான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் ஆன்டி. பாப்பாகிட்ட வேற ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருப்பேன்."

அன்று மாலை அவள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். ஃபாதர் இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். கோட் என்றால் என்ன, குதிரை எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டார். "அப்போ இது கேம்லதான், இல்லயாம்மா?" என்றார். வலைத்தடுப்புக்கு அப்பால் அவர் புன்னகைத்தது குரலில் தெரிந்தது. நோயோடு இருக்கிறவர்கள் தங்கள் மேல் கடுமையாக இருக்கக் கூடாது என்றார். மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நிற்க முடியாமல் அவள் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். மூன்றும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டன. அவள் முப்பது சொன்னாள். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்பதை அவள் நம்பினாள். அந்த மன்னிப்பு ரவாங் வரைக்கும் போகாது என்பதும் அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாராவின் பண்ணைக்குப் போனாள். தன்னிடம் இருந்த விதை, உரம், வாத்து எல்லாவற்றையும் பரிசாக அனுப்பினாள். மாலையில் பார்த்தபோது அவை பொதி பிரிக்காமல் கிடந்தன. அருணனின் தக்காளிச் செடிகள் வாடியிருந்தன. அன்று தாரா அங்கே போகவில்லை. மகதலேனா அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். யார் ஊற்றியது என்று அவனுக்குக் காட்டும் என்று நினைத்தபோது, அதுவும் தப்பு போலத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்து நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். அருணன் எதிர் வரிசையின் கோடியில், கனகலிங்கத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தான். "ஏர்கோன் காத்து நேரா மொகத்துல அடிக்குதாம்" என்றாள் ஷெர்லி, மகதலேனா கேட்காமலே. இந்த நாற்காலிக்கு மேல் ஏர்கோன் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எட்டரைக்குக் கனகலிங்கம் கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோனார். "எல்லாரும் ரெடியா? இன்னிக்கு எல்லாருக்கும் உண்டு, யாரும் யாரையும் முந்த வேணாம். எம் ஃபார் மோரிப்..." சொல்லிவிட்டுத்தான், முந்த வேணாம் என்று தான் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டாவது எழுத்தை மெதுவாகச் சொன்னார்.

அருணன் கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து, இடது கைக் கட்டை விரலால் தட்டினான். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் பக்கத்து எழுத்தில் விழுந்தது. அழித்தான், மறுபடியும் தட்டினான். கனகலிங்கம் ஏழாவது இலக்கத்துக்குப் போய்விட்டார். அவருடைய வலது கையும் ஊசியில்தான் இருந்தது, அவனுக்குத் தட்டிக் கொடுக்க முடியாது. ஆறாவதைத் தட்டும்போது கைப்பேசி தலையணையிலிருந்து சரிந்தது. அவன் பிடிப்பதற்குள் தரையில் விழுந்து, வழவழப்பான தளத்தில் சறுக்கி, இரு வரிசைகளுக்கும் நடுவில் வந்து நின்றது.

யாரும் எழ முடியாது. ஷெர்லி உள் அறையில் யாருக்கோ ஊசி எடுத்துக்கொண்டிருந்தாள். மகதலேனா செருப்பை உதறிவிட்டு வலது காலை நீட்டினாள். எட்டவில்லை. இடுப்பை நாற்காலியின் நுனிக்கு நகர்த்தி இன்னும் நீட்டினாள். பெருவிரலுக்கும் கைப்பேசிக்கும் நடுவில் ஒரு சாண். ஊசி குத்திய இடது கை மடங்கியதும் அவளுடைய இயந்திரம் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது, சிவப்பு விளக்கு சுற்றியது.

"கைய மடக்காதீங்க ஆன்டி" என்றான் அருணன். அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை நேராக்கினாள். காலை மட்டும் திரும்ப இழுத்துக்கொள்ளவில்லை. கைப்பேசி மல்லாந்து கிடந்தது. கட்டத்தில் ஐந்து இலக்கங்கள் இருந்தன, மீதி ஐந்து இடங்கள் காலியாக இருந்தன. திரையின் வெளிச்சம் ஒரு முறை மங்கியது.