நிப்பாட்டச் சொன்ன பாண்டிராஜ்

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் இருக்கும் இரண்டாயிரம் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பாண்டிராஜின் வேலை. எல்லாம் ஆஸ்பத்திரிகளின் கணக்கு வழக்கும் நோயாளி விவரமும் ஓடுகிற சர்வர்கள். அவற்றுக்கு ஃபர்ம்வேர் மாற்றுவது பெரிய பாடு. ஃபர்ம்வேர் என்றால், சர்வர் பெட்டி கண் விழித்ததும் முதலில் ஓடுகிற மென்பொருள். பழையதை அழித்துப் புதியதை எழுதும்போது பாதியில் மின்சாரம் போனால் அவ்வளவுதான், பெட்டி வெறும் தகரம். எட்டு வருடமாக இங்கிருந்தே கட்டளை தட்டி, ஒவ்வொன்றாகக் கையால் மாற்றி வந்தான். ஒன்றைக்கூடச் சாகவிட்டதில்லை. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. இருக்கட்டுமே, என்ன தப்பு?

அதற்குத்தான் வேட்டு வைத்தாள் நிர்மலாதேவி. பக்கத்து மேசைக்காரி. அவள் எழுதிய புரோகிராம் கூட்டம் கூட்டமாக சர்வர்களைத் தானே மாற்றிவிடுமாம். மேலாளர் கிங்ஸ்லி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"இது ஓடிட்டுன்னா இங்கன கையால செய்ய ஆளு வேண்டாம், பாண்டி. சென்னையில மெஷின் மாட்டுத வேலைக்கு நீ போகணும். சொதப்பிட்டுன்னா பழையபடிதான்."

மனைவி வடிவம்மாளுக்குச் செங்கோட்டையில் தையல்கடை. இப்போதுதான் நாலு பேர் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். சென்னைக்குப் போனால் அந்தக் கடையை மூட வேண்டியதுதான். சொதப்பட்டும் என்று வாய்விட்டு வேண்டவில்லை. உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான், பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை காலை புரோகிராம் ஓடியது. வெளியே சாரல். முதல் கூட்டம் சின்னப் பெட்டிகள். மளமளவென்று எழுந்து பச்சை காட்டின. கிங்ஸ்லி முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. இரண்டாவது கூட்டம் பெரிய பெட்டிகள். அணைந்தவை எழவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஐந்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்தும் எழாத பெட்டிக்கு மின்சாரத்தை அணைத்துத் திரும்பப் போடும்படி நிர்மலா எழுதியிருந்தாள்.

பாண்டிராஜ் அந்தக் கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்தான். போன வாரம் அவள் கேட்டிருந்தாள், பெட்டி எழ எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று. "ஒரு டீ குடிச்சிட்டு வந்தா எந்திரிச்சிருக்கும்" என்று சொல்லியிருந்தான். அந்த அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவளோ மேசையிலேயே பிளாஸ்க்கைத் திறந்து டீ குடிப்பவள். அவன் டீ குடிக்க பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக் கடை வரைக்கும் போவான். அருவிக்குக் கூட்டம் வருகிற சீசன் நேரத்தில் அரை மணி ஆகும். பெரிய பெட்டிகள் உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. இப்போது மின்சாரத்தை அணைத்தால் கூட்டத்தோடு போய்ச்சேரும்.

பேசாமல் இருந்தால் போதும். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. உன்னிடம் யாராவது கேட்டார்களா, கையைக் கட்டிக்கொண்டு இரு என்றது மனசு. கடிகாரம் ஒரு நிமிடத்துக்குக் கீழே இறங்கியது. அந்தப் பெட்டிகளில் பாதியை அவனுக்குப் பேர் சொல்லியே தெரியும்.

"நிர்மலா, நிப்பாட்டு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"எந்த டீயைக் கணக்கு வச்சே?"

"என் பிளாஸ்க் டீயைத்தான், அண்ணே."

"நான் சொன்னது ஐந்தருவி ரோட்டு டீ."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. நிர்மலா நேரத்தைத் திருத்தித் திரும்ப ஓடவிட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒன்றும் சாகவில்லை. கிங்ஸ்லி பாண்டிராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புரோகிராம் ஓடிவிட்டது, இனி சென்னைதான். கேட்க என்ன இருக்கிறது?

பைக் நிறுத்தும் இடத்தில் நின்று வடிவம்மாளுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா?"

"ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் செத்திருக்கும். நாம இங்கனயே இருந்திருக்கலாம்."

மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"அப்படி இருந்திருந்தா, அதை எங்கிட்ட சொல்லியிருப்பியளா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்ப சென்னைக்கே போவோம்" என்றாள் வடிவம்மாள்.