நான்காம் துளையின் மூச்சு

நான்காம் துளைக்குள் பாட்டிலை வைத்தவன் நான்தான். மலையோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஜூன் மாத வெள்ளைப்பூக்களைச் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டு ஊறவைத்தால் எங்கள் ஊரில் நுரை பொங்கும் ஒரு பானம் கிடைக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்ததும் அதை என் கண்ணில் காட்டுவதில்லை என்று மனைவி ஒதீல் முடிவெடுத்துவிட்டாள். வீட்டில் எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிப்பாள். கரும்பாறைச் சரிவிலோ ஆறு துளைகள், முழங்கை வரை நுழையும் ஆழத்தில், ரப்பர் மூடியோடு, எனக்காகவே குடைந்ததுபோல் குளுகுளுவென்று இருந்தன.

குடைந்தவள் சொலேன் டாக்டரம்மா, ஆராய்ச்சிக்காரி. எங்கள் பாறை கையால் பிசைந்தாலே உதிரும். உதிரும்போது, டைனோசர் காலத்திலிருந்து உள்ளே அடைபட்டுக் கிடந்த கரி காற்றுபட்டு, கரியமில வாயுவாக வெளியேறுகிறதாம். வெயில் ஏறினால் அது கூடுமா என்று மூன்று வருடமாக அளக்கிறாள். சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான் வாரம் ஒருமுறை ஏறி, மூடியிலுள்ள குழாயில் கருவியைச் செருகி, எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்குவேன். இறங்கியதும் கேட்பேன், மலை கூடுதலாக மூச்சு விடுகிறதா என்று. சொல்ல முடியாது, இன்னும் அளக்க வேண்டும் என்பாள். என் ரத்தத்தைப் பற்றி மருத்துவர்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவார்.

ஜூலையில் நான்காம் துளையின் எண் எகிறியது. நான் நேர்மையானவன், முதலில் ஒரு மிடறு, பிறகு கண்ட எண்ணை அப்படியே எழுதினேன். சொலேன் என்னைக் கட்டிக்கொண்டாள். செப்டம்பரில் வியன்னாவில் பெரிய கூட்டமாம். அங்கே இந்த எண்கள் எடுபட்டால் அவள் வேலை இன்னும் இரண்டு வருடம் நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மகிழ்ச்சியில் இன்னொரு மிடறு குடித்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ஒதீல் சோடாத் தண்ணீரை ஊற்றினாள். சொலேன் தம்ளரில் ஏறிய குமிழிகளைக் காட்டி, "ஓநொரே, நம்ம மலை விடுறதும் இதே வாயுதான். பூவோட சர்க்கரை புளிச்சாலும் இதேதான் வரும்," என்றாள். என் கையிலிருந்த முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை பாட்டிலோடு அவள் அறைக்குப் போனேன்.

"டாக்டரம்மா, நாலாம் துளையில நான் இதை வெச்சிருந்தேன்."

பாட்டிலைப் பார்த்தாள். மூடி ஒரு பக்கம் மேலே தள்ளியிருந்தது.

"எப்பலேருந்து?"

"ஜூன் கடைசிலேருந்து."

"ஒதீலுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா உங்க முன்னாடி இப்படி முழுசா நிப்பேனா?"

அவள் சிரிக்கவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன. கணினியைத் திறந்து, கணக்கிலிருந்து நான்காம் துளையையே நீக்கினாள். வரைபடத்தில் வானம் முட்டி நின்ற ஒற்றைக் கோடு காணாமல் போனது. தொப்பியைக் கசக்கிக்கொண்டு, அவளுக்கு மூட்டை கட்டவாவது உதவலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது திரை தானாகத் தன் அளவைத் திருத்திக்கொண்டது. என் பாட்டிலின் கோட்டுக்கடியில் நசுங்கித் தரையோடு கிடந்த மற்ற ஐந்து கோடுகளும் மெல்ல எழுந்து நின்றன. மூன்று கோடைகள், மூன்று மேடுகள். வெயில் கொளுத்திய வருடத்தில் மேடு உயரம். அவள் நாற்காலியை முன்னால் இழுத்து வெகுநேரம் பார்த்தாள்.

என்ன செய்வது, பழக்கதோஷம். கேட்டுவிட்டேன்.

"மலை மூச்சு கூடுதா, டாக்டரம்மா?"

"கூடுது, ஓநொரே," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சூடு ஏற ஏறக் கூடுது. உங்க பாட்டில் இல்லாமலே."