கணக்கில் வராத நாலு மணி நேரம்

மொக்கச்சாமிக்குக் கடிகாரத்தைத் தவிர யார்மீதும் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். மலையிலிருந்து காய் மூட்டையோடு கிளம்பும் ஜீப்பு ஒன்றேகால் மணி நேரத்தில் போடிக்கு வந்துவிட வேண்டும். ஒன்றேமுக்கால் ஆனால், ஏதோ ஒரு வளைவில் மூட்டை வாய் அவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஆறு பேரைப் பிடித்திருக்கிறார். அந்தப் பெருமை அவரை வீட்டிலும் சும்மா இருக்க விடாது.

டெல்லியில் வேலை பார்க்கும் மகள் சுசித்ராவுக்குப் புதன்கிழமை நிச்சயம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு விமானம், சென்னையில் இறங்கி வேறு விமானம், மதியம் இரண்டு மணிக்கு மதுரை என்று போனில் சொன்னாள். மொக்கச்சாமி உடனே செல்போனில் தேடினார். டெல்லிக்கும் சென்னைக்கும் ஆயிரத்து எழுநூற்று அறுபது கிலோமீட்டர், இரண்டேமுக்கால் மணி நேரம். சென்னைக்கும் மதுரைக்கும் நானூற்றுச் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். கூட்டினால் நாலு. அவள் சொன்னதோ எட்டு.

"மிச்சம் நாலு மணி நேரம் எங்கடி போச்சு?" என்று மனைவி வேலுத்தாயிடம் பாய்ந்தார்.

"அங்கன வேற வண்டி மாறணும்ல?"

"தேனியில பஸ்சு மாற எம்புட்டு நேரம் ஆகும்? பத்து நிமிசம். வானத்துல என்ன கொண்டை ஊசி வளைவா இருக்கு, சுத்திச் சுத்தி வர்றதுக்கு? இவ யாரையோ பாக்கப் போறா."

"பெத்த பிள்ளையவா சந்தேகப்படுறீக? உங்களுக்கு வேற சோலியே இல்லையா?"

இல்லைதான். ராசிங்காபுரத்து மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தம் கைநழுவினால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்பதுதான் அவர் கவலை. மகளிடமே கேட்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

யோசித்து யோசித்துக் கடைசியில் மாப்பிள்ளைக்கே போன் போட்டார். அன்புச்செல்வனுக்குச் சென்னையில்தான் வேலை.

"மாப்ளே, பிள்ள தனியா வருது. நீங்க முன்னால போகாம, தள்ளி நின்னு பாருங்க. யாரு வர்றா, என்ன பேசுறான்னு எனக்கு மட்டும் சொன்னாப் போதும்."

"சரிங்க மாமா."

மறுபேச்சே இல்லை. என்ன பணிவான பையன் என்று மொக்கச்சாமி பூரித்துப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போகும் வழியிலேயே தகவல் வந்தது. "தனியாத்தான் இருக்கு மாமா. டீ குடிச்சுச்சு. இப்ப ஏதோ புஸ்தகம் படிக்குது." அவருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

இரண்டு மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு சுசித்ரா வெளியே வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"ரெண்டும் தனித்தனி டிக்கெட்டுப்பா. சென்னையில பெட்டிய வாங்கி வெளிய வந்து, திரும்ப உள்ள போகணும். மொத வண்டி லேட்டானா அடுத்தது போயிரும். அதான் நாலு மணி நேரம் விட்டேன். கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்ல?"

மொக்கச்சாமிக்கு உடம்பு கூசியது. "தப்புத்தான் ஆத்தா. அவரு சொல்லிட்டாரா?"

"தூணுக்குப் பின்னால நின்னாரு. நான்தான் போயிக் கேட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "உங்க சந்தேகம் எனக்குப் பழக்கம்ப்பா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, நீங்க சொன்னீங்கன்னு வந்து நின்னாரு பாருங்க, அவரு எனக்கு வேணாம். நாளைக்கு வர வேணாம்னு அவுக வீட்டுல சொல்லிருங்க."

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மொக்கச்சாமி வெளியே நின்றபடியே ராசிங்காபுரத்துக்குப் போன் போட்டார். சம்பந்தி முதல் மணியிலேயே எடுத்தார்.

"மருமக பத்திரமா வந்து எறங்கிருச்சா அண்ணே?" என்று ஆசையாகக் கேட்டார்.