மூன்றாம் ஓலை

கோயிலில் எங்கள் திருமண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். இனிகோவுக்கும் அனிஷாவுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று ராயப்பராஜ் சாமி வாசித்தார். இப்படி மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். திருமண வேலைகளுக்காக நான் திண்டுக்கல்லுக்கு முன்பே வந்துவிட்டேன். இனிகோ பெங்களூரில், நாங்கள் இருவரும் வேலை செய்த ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தான்.

நினைத்துப் பார்க்கவும் முடியாத அளவு குறுகிய லேசர் துடிப்புகளால், முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் கம்பிகளை எழுப்புவோம். பிறகு வெள்ளி உப்புக் கரைசலில் வைத்து, அதே லேசரால் அவற்றின்மேல் மின்சாரம் ஓடும் வெள்ளிக் கோடுகளை வரைய வேண்டும். ஆனால் கரைசலுக்குப் போகுமுன்பே கம்பிகள் சாய்ந்துவிடும். இரண்டு வருடமாகச் சாய்ந்துகொண்டே இருந்தன.

பெரிய வியாழனன்று, ஊருக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில், கழுவிய கம்பிகளைக் காயவைக்க மறந்து ஆல்கஹால் குப்பியிலேயே மூடி வைத்துவிட்டேன். ஈஸ்டர் முடிந்து போய்ப் பார்த்தால் எல்லாம் நிமிர்ந்து நின்றன. காயும்போது திரவம் இழுத்த இழுப்புதான் அதுவரை அவற்றைச் சாய்த்திருக்கிறது. ஈரம் போகாமலே வெள்ளிக் கரைசலுக்கு மாற்றினேன். கோடு விழுந்தது.

இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியரிடம் சொல்ல நினைத்தேன். இனிகோவிடம் மட்டும், கல்யாண வேலையாகப் போய் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஃபோனில் சொன்னேன். எப்படி மாற்றினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்த ஆர்வத்தைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் பேராசிரியர் ஃபோன் செய்தார். உன் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டான், காயவைக்கவே கூடாதாம், ஜெர்மனி மாநாட்டுக்கு அவனைத்தான் அனுப்பப்போகிறேன் என்றார். அவர் குரலில் கள்ளமில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இனிகோ வந்தான். மொட்டைமாடியில் வைத்து, அவரிடம் உண்மையைச் சொல் என்றேன்.

“இதுல என்ன இருக்கு அனி? இன்னும் ரெண்டு வாரத்துல நீ வேற நான் வேறயா?”

“அப்ப என் பேரயே சொல்லிருக்கலாம்ல.”

அவன் தெருவைப் பார்த்தபடி சொன்னான்.

“கல்யாணத்துக்கப்பறம் நீ லேபுக்கு வரப்போறதில்லன்னு பேசி முடிச்சுட்டாங்க. வீணாப் போயிருமேன்னுதான்…”

“யாரு பேசுனது?”

“எங்க வீட்டுல. உங்கம்மாவும் சரின்னுட்டாங்க.”

கீழே அம்மா அவனுக்காக மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முணுமுணுக்கிற சத்தம் மேலே வந்தது. அவன் ஏதேதோ சொன்னான். எனக்கு அவனைவிட அந்தப் பாட்டுத்தான் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் வீட்டுக்குப் போனேன். ராயப்பராஜ் சாமி முழுவதும் கேட்டார். அவனுக்கு வேறு பெண் உண்டா, உறவுமுறை ஏதும் தப்பா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியானால் திருச்சபைச் சட்டப்படி இது தடை ஆகாதே என்று தயங்கினார்.

“தடை நாந்தான் சாமி. ஓலைய வாசிக்க வேணாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

“அம்மாட்ட சொல்லிட்டியாம்மா?”

“இல்ல சாமி. நாளைக்குப் பூசையில தெரிஞ்சுக்கிருவாங்க.”